பேச்சியக்கா பிழைக்க வைத்த விடைக்கோழி

பேச்சியம்மாள் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். சர்க்கரையால் காலில் வந்த புண் ஆறவில்லை. விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். வயது ஐம்பத்தாறு. எனக்கு போன் வந்தபோது கடை வாசலில் நாமக்கல் லாரியிலிருந்து முட்டை இறங்கிக்கொண்டிருந்தது. செய்தியைக் கேட்டுக்கொண்டு, மீதித் தட்டுகளையும் இறக்கி முடித்த பிறகுதான் கிளம்பினேன். வெயிலில் நிற்கிற முட்டை யார் சாவுக்கும் காத்திருக்காது. இதை அவரிடமே சொல்லியிருந்தால், "மொதல்ல சரக்கப் பாருங்க அண்ணாச்சி, நான் எங்க போயிரப்போறேன்" என்றுதான் சொல்லியிருப்பார்.

நம் கோயில் கமிட்டியின் மலரைப் படிக்கிற எல்லாருக்கும் பேச்சியக்காவைத் தெரியும். புனே பக்கத்துப் பிம்ப்ரியில் ரயில் பாதையை ஒட்டி வரிசை வீடுகளாகக் கட்டிய நம் சாலில் இருபத்திரண்டு வீடு. கடைசி வீடு அவருடையது. கணவர் சுடலைமுத்து சிஞ்ச்வட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர். அக்கா பிறந்ததே இங்கேதான். திருநெல்வேலியை வாழ்நாளில் மூன்று முறைதான் பார்த்திருக்கிறார். ஆனால் பேச்சு மட்டும் நேற்று ரயில் ஏறி வந்த மாதிரி இருக்கும். இதெல்லாம் நீங்கள் அறிந்தது. உங்களில் பாதிப் பேருக்கு அவரை இன்னொரு பெயராலும் தெரியும். தமிழில் பூஞ்சணக்காரி, பக்கத்து வீட்டு மராட்டிப் பிள்ளைகள் வாயில் புர்ஷிவாலி. அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இந்த ஊருக்கு வந்தது தொண்ணூற்றொன்றில். சைக்கிளின் பின்னால் முட்டைத் தட்டுகளைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக விற்றேன். சாலில் கடைசிக் கதவைத் தட்டி, "முட்டை வேணுமாக்கா, நாமக்கல் முட்டை" என்றேன். அவர் என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வீட்டுக்குள் கூட்டிப்போய்ப் பின்கதவைத் திறந்து காட்டினார். சுவருக்கும் ரயில்வே வேலிக்கும் நடுவில் நாலு முழ அகலத்தில் ஒரு துண்டு நிலம். அதில் பத்துப் பதினைந்து கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"கோழி வச்சிருக்கவகிட்ட முட்டை விக்க வந்தீயளே, ஒங்கள நம்பி எவன் சைக்கிள் குடுத்தான்?" என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவரே தொடர்ந்து, "முட்டைய விடுங்க. தீவனம் கிடைக்குமா? இங்க ஒருத்தனும் சில்லறையாக் குடுக்க மாட்டேங்கான். மூட்டையா எடுக்கச் சொல்லுதான்" என்றார். அடுத்த வாரம் கொண்டுவருவதாகச் சொல்லி, கொண்டும் போனேன். இன்று என் முட்டை, கோழி வியாபாரத்தைவிடத் தீவன வியாபாரம் பெரிது. அதற்கு முதல் வாடிக்கை பேச்சியக்கா.

அன்று கொண்டுபோன தீவனத்தில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்றார். நான் பதறிவிட்டேன். அவர் சாவகாசமாக மென்று துப்பிவிட்டு, "தவிடு கொஞ்சம் பழசு. கெட்டுப் போகல. போடுங்க ரெண்டு கிலோ" என்றார். எதற்கு இந்தச் சோதனை என்று கேட்டேன். "கோழி வாய் தொறந்து சொல்லாதுல்லா. அதுக்குப் பதிலா நான் சொல்லணும்" என்றார். பதினெட்டு வருடம் என்னிடம் வாங்கிய ஒவ்வொரு பையையும் அப்படிச் சோதித்துத்தான் வாங்கினார். ஒருமுறைகூட அவர் நாக்கு தப்பியதில்லை.

தப்பியது அவர் ஊரில் இல்லாத ஒரே ஒரு முறை.

மூன்று வருடத்துக்கு முன், பொங்கல் கழிந்த சமயம். என் கிடங்குக்கு மேல்வீட்டுக்காரன் தண்ணீர்த் தொட்டிக் குழாயைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். நான் கிடங்கைத் திறந்து பார்க்கையில் சுவரோரம் அடுக்கியிருந்த மக்காச்சோளக் குருணை பதிமூன்று மூட்டை நனைந்து, உள்ளே பச்சை பூத்திருந்தது. கடையின் தகரக் கூரையில் பரப்பி மூன்று நாள் காயவைத்தேன். காய்ந்ததும் பச்சை உதிர்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. பிறகு நல்ல சரக்கு மூன்று பங்கு, இது ஒரு பங்கு. நாலுக்கு ஒன்று. என் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இந்தக் கணக்கு தெரியும். யாரும் வெளியே சொல்லமாட்டோம். பெரிய பண்ணைக்கு இதை அனுப்ப முடியாது. அவன் சோதனைச் சாலைக்கு அனுப்புவான், கேள்வி கேட்பான். கொல்லையில் நாலு கோழி வைத்திருக்கிறவர்கள் கேட்கமாட்டார்கள். அவர்களுக்குத்தான் விற்றேன்.

அந்த வாரம் பேச்சியக்கா தங்கை மகள் பிரசவத்துக்காக மும்பை போயிருந்தார். பன்னிரண்டு நாள் அங்கேதான். குஞ்சுத் தீவனம் தீர்ந்துபோய்ச் சுடலைமுத்து வேலை முடிந்து வருகிற வழியில் கடைக்கு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, கிலோவுக்கு ஒரு ரூவா கம்மியாச் சொல்லுதீய?"

"பழைய சரக்கு, தள்ளிவிடுதேன். கோழி என்ன, இதத் தின்னுட்டுக் கச்சேரியா பாடப்போவுது?"

அவர் சிரித்தார். பத்துக் கிலோ வாங்கிப் போனார். பெரிய கோழிகள் வேலியோரம் மேய்ந்தும் வீட்டு மிச்சத்தைத் தின்றும் வயிறு நிறைத்துக்கொள்ளும். தீவனம் முழுவதும் கூண்டுக்குள் இருந்த இரண்டு மாதக் குஞ்சுகள் ஆறுக்கும்தான். ஆறும் பெட்டை. ஒரே அடையில் பொரித்து, அக்கா ஆசையாக வளர்த்த ஈடு.

அவர் திரும்பி வந்த அன்றே இரண்டு செத்துக் கிடந்தன. அந்த வாரத்துக்குள் இன்னும் மூன்று. மிஞ்சியது ஒன்று. செம்மண் நிறத்தில், கழுத்தில் மட்டும் கறுப்புப் புள்ளி போட்ட, இன்னும் முட்டைக்கு வராத ஒரு விடைக்கோழி. அதுவும் சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு, கண்ணைச் செருகிக்கொண்டு சுவரோரம் நின்றது.

சரியாக அந்தச் சமயத்தில்தான் டிவியில் பறவைக் காய்ச்சல் வந்தது. நம் மாநிலத்தின் வடக்கு மூலையில் பண்ணைகளில் கோழி சாகிறது என்று செய்தி. வெள்ளை உடையும் முகமூடியும் போட்ட ஆட்கள் கோழிகளைச் சாக்கில் கட்டிக் குழியில் போடுவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இங்கிருந்து அது எத்தனையோ தூரம். ஆனாலும் நாலு நாள் என் கடையில் ஒரு தட்டு முட்டை போகவில்லை. அப்போதுதான் சாலில் கடைசி வீட்டில் ஐந்து குஞ்சு செத்த செய்தி நல்லிக்கு வந்து சேர்ந்தது. சாலுக்குப் பொதுவாக இருக்கிற அந்தத் தண்ணீர்க் குழாயடியில் பேசப்படாத விஷயம் உண்டா?

சால் கமிட்டித் தலைவர் ஷிண்டே காகா, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், நாலைந்து பேரோடு என் கடைக்கு வந்தார். "அண்ணா, நீ கோழி வியாபாரி, உனக்குத்தான் தெரியும். வந்து பார்த்துச் சொல். அந்தக் காய்ச்சல் பீமாரி என்றால் முனிசிபாலிட்டிக்கு போன் போடுகிறேன். எல்லாக் கோழியையும் எடுத்துப் போகட்டும். வீட்டில் குழந்தைகள் இருக்கின்றன" என்று இந்தியில் சொன்னார். அவர் பயந்ததில் தவறு சொல்லமாட்டேன்.

போனேன். அக்கா அந்தக் குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். கொண்டை முளைக்கிற இடம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கழிச்சல் பச்சை கலந்த மஞ்சள். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பண்ணையில் பூஞ்சணம் பிடித்த சோளம் தின்ற குஞ்சுகள் இதே மாதிரி நின்றதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்தச் சோளத்தைக் கொட்டிவிட்டு என் நல்ல சரக்கை வாங்கு என்று அந்தப் பண்ணைக்காரனிடம் சொல்லி விற்றதும் நான்தான்.

இது காய்ச்சல் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் என்ன என்பது. அதற்கு அடுத்த கேள்வி, தீவனம் எந்தக் கடை என்பது. முட்டை விற்காமல் கிடக்கிற நேரத்தில் தீவனத்துக்கும் கெட்ட பெயர் வந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அத்தனையும் அந்தப் படியில் நின்ற அரை நிமிஷத்துக்குள் மனதில் ஓடியது. "பாத்துச் சொல்ல முடியாது. சந்தேகம்னாலே ஆபத்துதான். எதுக்கு வம்பு, இத முடிச்சுப் புதைச்சிருங்கக்கா" என்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சு சொல்லுதீயளா அண்ணாச்சி, தெரியாமச் சொல்லுதீயளா?"

"நான் என்ன டாக்டரா?"

"டாக்டர் இல்லல்லா. பெறகு எதுக்குக் கழுத்தத் திருகச் சொல்லுதீய?"

ஷிண்டே காகா நடுவில் புகுந்து ஒரு முடிவு சொன்னார். அன்று புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுப்பது. அதற்குள் அந்தக் குஞ்சு எழுந்து நடந்தால் சரி. இல்லையென்றால், அல்லது வேறு ஒரு கோழி படுத்தாலும், போன் போடுவது. அத்தனை கோழியும் போகும். அதுவரை அந்த வீட்டார் நல்லிக்கு வரக்கூடாது. கடைசி நிபந்தனையைக் கேட்டு அக்கா சிரித்தார். "என் கையில குடம் வாங்கிக் குடிச்சவங்கதான் எல்லாரும்" என்று தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த நாலு நாளும் சுடலைமுத்து சைக்கிளில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு பட்டறையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். மூன்றாம் வீட்டு வசந்தா தன் பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாடப் போகாதபடி பிடித்து வைத்தாள். பேச்சியக்கா பாத்திரம் கழுவுகிற மோரியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் காயவைத்து, அதில் ஓர் அட்டைப்பெட்டி வைத்து, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, குஞ்சோடு அங்கேயே இருந்தார்.

எனக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சத்து மருந்துப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன்.

"மருந்தா? கொல்லச் சொன்ன ஆளு கொண்டார மருந்த நான் எந்தத் தைரியத்துல குடுக்க? அப்படி வச்சிட்டு உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்து பார்த்தேன். வாழ்க்கையில் எத்தனையோ லட்சம் கோழி என் தராசைத் தாண்டிப் போயிருக்கிறது; ஒரு கோழிக்கு வைத்தியம் பார்த்து நான் பார்த்ததில்லை. வேலியோரச் சாக்கடை ஈரத்தில் முளைத்த கீழாநெல்லியைச் சீரகம், சின்ன வெங்காயம், துளி மஞ்சளோடு அரைத்து மிளகு அளவுக்கு உருட்டி வைத்திருந்தார். முதலில் குஞ்சின் கழுத்துக்குக் கீழே விரலால் தடவி, முன்பு கொடுத்தது இரைப்பையை விட்டு இறங்கியிருக்கிறதா என்று பார்த்தார். இறங்கியிருந்தால்தான் அடுத்த உருண்டை. அப்புறம் வெல்லத் தண்ணீர். சொட்டு மருந்து ஊற்றுகிற குழலால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைப்பார். அது தொண்டையை அசைத்து விழுங்கும் வரை காத்திருப்பார். பிறகுதான் அடுத்த சொட்டு. "அவசரப்பட்டா மூச்சுக்குள்ள போயிரும். நாமளே கொன்ன மாதிரி ஆயிரும்" என்றார். வால்பக்கம் கழிச்சல் காய்ந்து அடைத்திருந்ததை வெந்நீர்த் துணியால் ஊறவைத்து ஊறவைத்து எடுத்தார். ஒரே பக்கமாகப் படுத்தால் கால் மரத்துவிடும் என்று அடிக்கொரு தரம் திருப்பிப் போட்டார்.

திடீரென்று அதைத் தூக்கி என் கையில் வைத்தார். "ஒங்க கைதான் தராசாச்சே. எவ்ளோ இருக்கும், சொல்லுங்க."

"முந்நூறு கிராம்."

"நான் மும்பைக்குப் போவும்போது நானூத்தம்பது இருந்துச்சு."

நெஞ்செலும்பு கத்தி விளிம்பு மாதிரி உள்ளங்கையில் குத்தியது. அதற்குள் இதயம் ஓடுகிற வேகம் விரலில் தெரிந்தது. நான் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன்; அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "என்ன தின்னுச்சுன்னு மட்டும் தெரிஞ்சுச்சுன்னா நான் வைத்தியம் பண்ணிருவேன் அண்ணாச்சி. அதுதான் பிடிபட மாட்டேங்கு. அவரு எப்பவும் போடுறதத்தான் போட்டேன்ங்காரு. எப்பவும் வாங்குத எடந்தானன்னு நானும் பையப் பாக்கல" என்றார்.

அப்போது என் கண் என் பேச்சைக் கேட்காமல் மூலையில் சாய்த்து வைத்திருந்த, பாதி தீர்ந்த தீவனப் பையின் மேல் போனது. போன வேகத்தில் திரும்பியும் விட்டது. ஆனால் வியாபாரியின் கண்ணைப் படித்து வாங்கிப் பழகியவர் அவர். நான் பார்த்த இடத்தை அவரும் பார்த்தார். குஞ்சை என் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் விட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நல்லிப் பக்கம் ஏறக்குறைய முழுச் சாலும் நின்றது. ஷிண்டே காகா என்னையும் வரச் சொல்லியிருந்தார். ஒருவன் சாக்கும் மண்வெட்டியும் கொண்டுவந்திருந்தான். அக்கா வந்தார். இடது கைக்குள் முந்தானையில் சுற்றிய குஞ்சு. தலையை மட்டும் வெளியே நீட்டி, கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கீழே விட்டார். இரண்டு அடி வைத்தது, உட்கார்ந்துகொண்டது. மறுபடி எழவில்லை.

"சல்தா நஹீன், நடக்கவில்லை" என்றார் காகா, கொஞ்சம் வருத்தமாகவே.

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்து மூடியிருந்த வலது கையை விரித்தார். ஒரு பிடித் தீவனம். "அண்ணாச்சி, இத வாயில போடுங்க."

"எதுக்கக்கா?"

"நான் போட்டுப் பாத்துட்டேன். நீங்களும் போடுங்க. மென்னு பாத்து இவங்க எல்லாருக்கும் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

வேறு வழி இல்லை. ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டேன். மென்றபோது பழைய ஈரச் சுவரை நக்கிய மாதிரி ஒரு நெடி மூக்குக்கு ஏறியது. பின்னால் ஒரு கசப்பு. துப்பக்கூடத் தோன்றாமல் விழுங்கிவிட்டேன்.

"க்யா ஹை அண்ணா?" என்றார் காகா.

"அந்தக் காய்ச்சல் இல்லை. தீவனம் கெட்டிருக்கிறது. பூஞ்சணம். இதைத் தின்ற குஞ்சுகள் மட்டும்தான் செத்திருக்கின்றன. பெரிய கோழி ஒன்றுக்கும் ஒன்றும் இல்லை. அது ஒட்டுகிற நோய் இல்லை" என்றேன். சொல்லி முடித்ததும் கூட்டத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மண்வெட்டிக்காரன் அதைக் கீழே வைத்தான். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தாலும் பாதி மனிதனாவது மிஞ்சியிருப்பேன்.

வசந்தா கேட்டாள்: "தீவனம் எப்படிண்ணே கெட்டுச்சு?"

"ஈரம் பட்டிருக்கு. வீட்டுல மோரிப் பக்கம் வச்சிருப்பாங்க. கவனிச்சிருக்க மாட்டாங்க."

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். சுடலைமுத்து வாயைத் திறந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து அழுத்தி, "நீங்க உள்ள போங்க. அடுப்புல பால் இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். விலை படியாத இடத்தில், இதற்கு மேல் இவன் இறங்கமாட்டான் என்று தெரிந்துகொண்டவர் பார்ப்பது போலப் பார்த்தார். "ஆமா. நான்தான் பாக்காம வச்சிட்டேன்" என்றார். குனிந்து குஞ்சை எடுத்துக்கொண்டு போனார்.

என்ன தின்றது என்று தெரிந்துவிட்டதால் வைத்தியமும் பிடித்துவிட்டது. அரிசிக் குருணைக் கஞ்சியும் கீழாநெல்லியுமாக இன்னும் இரண்டு வாரம் பார்த்து அதை எழுப்பிவிட்டார். கடைசி வரை அளவில் சின்னதாகத்தான் இருந்தது. பிந்தித்தான் முட்டை வைத்தது. போன மழைக்காலம் வரை உயிரோடு இருந்தது. மறுநாளே என் கிடங்கில் மிஞ்சியிருந்த நனைந்த சரக்கை அள்ளிக் குப்பையில் கொட்டினேன். அதைக் கேட்டு என்னை நல்லவன் என்று நினைக்கவேண்டாம். அக்கா இன்னொரு பிடியோடு கடைக்கு வந்துவிடுவாரோ என்ற பயம்.

அவருக்கு நடந்தது என்ன என்று உங்களுக்கே தெரியும். ஐந்து குஞ்சைக் கவனக்குறைவால் கொன்று, சால் முழுவதையும் நாலு நாள் நடுங்க வைத்தவர் என்று பெயர் நின்றுவிட்டது. பிள்ளைகள் பாட்டாகப் பாடினார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருடா வருடம் எலுமிச்சை ஊறுகாய் போடுவது அவர் வீட்டில்தான். அந்த வருடம் கமிட்டி அதை வேறு வீட்டுக்கு மாற்றியது. "பூஞ்சணம் புடிச்சிட்டா?" என்று ஒருவர் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். நானும் சிரித்தேன்.

ஒரு வருடம் கழித்து, கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, "அக்கா, இனிமே ஒங்களுக்குத் தீவனத்துக்குத் துட்டு வேண்டாம்" என்றேன். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: "அன்னைக்கு எனக்குக் கோழிதான் வேணும் அண்ணாச்சி. நோய் இல்லன்னு ஒங்க வாயில ஒரு வார்த்த வேணும். அது கிடைச்சிட்டு. நியாயத்த இன்னொரு நாளைக்கு வாங்கிக்கிடலாம்னு விட்டுட்டேன். ரெண்டையும் ஒரே நாள்ல கேட்டிருந்தா நீங்க ரெண்டையும் குடுத்திருக்க மாட்டீய." பிறகு வழக்கம்போல ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, என் முகத்தைப் பார்த்தபடி நிதானமாக மென்றார். முழு விலை கொடுத்துத்தான் வாங்கிப் போனார். வேறு கடைக்கு அவர் மாறவே இல்லை. மாறியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

அந்த இன்னொரு நாள் எப்போது வரும் என்று நான் ஒவ்வொரு மாதமும் பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. நானாகவும் கொடுக்கவில்லை. கால் புண்ணோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருமுறை போய்ப் பார்த்தேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். கோழிகளுக்கு யார் தண்ணீர் வைக்கிறார்கள் என்று கேட்டார். ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆட்கள் இருந்ததால்தான் சொல்லவில்லை என்று வீடு வரும் வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் சுடலைமுத்துவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும்லா. ஒரு ரூவா கம்மிக்கு வாங்கினவன் நான்தானே. மூணு வருசமா அவ என்னைய ஒரு வார்த்த கேக்கல. அதுதான் தூங்க விட மாட்டேங்கு" என்றார். அவர் வேலையை விட்டுவிட்டார். சிஞ்ச்வட்டில் மகள் வீட்டோடு போகிறார். அது மூன்றாம் மாடி. அந்த அடுக்குமாடி சொசைட்டியில் நாய்க்கே இடம் கிடையாது. கோழிகளை நான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி விலை கேட்டேன்.

"துட்டு வேண்டாம். அவ பேரு கெட்டது ஊர் கூடுன எடத்துல. சரியாவுறதும் அப்படித்தான் ஆவணும். கோயில் மலர்ல எழுதிப் போடுங்க" என்றார்.

நான் பேரம் பேசினேன். பேசாமல் இருக்க எனக்குத் தெரியாது. "ஒரு கடைக்காரர்னு போடுதேன். பேரு எதுக்கு?"

"அப்ப கோழி இல்ல. கசாப்புக்காரன் கேட்டுட்டுப் போயிருக்கான்."

"பேரு போட்டா நாளைக்கு எவன் என்கிட்ட தீவனம் வாங்குவான்?"

"அது தெரிஞ்சுதானே அண்ணாச்சி அவ சும்மா இருந்தா."

ஒத்துக்கொண்டேன். கடையில் இப்போது ஒரு மூட்டை பிரித்தால் முதல் சிட்டிகை என் வாய்க்குத்தான் போகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். வாடிக்கை மிஞ்சுமா என்பது இதைப் படித்தபின் உங்கள் கையில் இருக்கிறது.

பேசி முடித்தது இதுதான்: ஏழு பெட்டை, ஒரு சேவல், கூண்டு உட்பட. தீவனக் கடை தங்கராஜ் என்று என் பெயர் போட்டு, நனைந்த மூட்டை என்னுடையது, பேச்சியம்மாளுடையது அல்ல என்று இந்த மலரில் அச்சடிப்பது. அச்சான மலரைச் சுடலைமுத்துவின் கையில் கொடுத்து, அவர் முழுக்கப் படித்து முடித்த பிறகு கோழிகளை எடுத்துக்கொள்வது.